விழா வருடம் முழுக்க நடக்கட்டும்

கலைவிழாக்களால் ஒரு வட்டாரம் வளர்கிறதா என்பதுதான் என் ஆய்வு. திண்டுக்கல்லில் மூன்று நாள் விழா முடிந்ததும் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். எதைக் கேட்டாலும் "நல்லாத்தேன் இருந்துச்சு" என்றார்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அதை வைத்து முனைவர் பட்டம் வாங்க முடியாது.

நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் எனக்கு ஆள் கிடைத்தார். சொந்தத் தோட்டத்தில் மல்லிகை மொட்டுப் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. பறிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "மூணு நாளு எம்மாத்தரம் தாயி? வருசம் பூராம் நடத்தச் சொல்லி எழுது. மறந்துறாத."

எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. விழாவில் என்ன பார்த்தீர்கள் என்ற கேள்வியைக்கூடக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். 'கலைக்கு ஏங்கும் கிராமப் பெண்கள்' என்று ஒரு அத்தியாயமே எழுதினேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் அதன் ஓரத்தில் 'அருமை' என்று குறித்தார்.

அடுத்த வருட விழாவுக்குப் பிறகு, தொடர் ஆய்வுக்காக அதே தோட்டத்துக்குப் போனேன். விட்டுப்போன கேள்வியை இந்த முறை கேட்டேன்.

"விழாவ நான் எங்கிட்டுத் தாயி பாத்தேன்? அதுக்கு வந்த சனத்துக்காகச் சாயங்காலம் ஆறு மணிக்குத் திண்டுக்கல்லுல இருந்து தனியா ஒரு பஸ்சு விட்டாக. மத்த நாளுல நாலு மணி பஸ்ச விட்டா அடுத்த பஸ்சு ராத்திரிதான். எம் மகளுக்குக் காலேசுல லேபு முடிய அஞ்சாயிரும். பாதியில எந்திரிச்சு ஓடியாருவா. அந்த மூணு நாளுதான் முழுசா இருந்து படிச்சா. அதுக்குத்தான் சொன்னேன். எழுதுனியா?"

எழுதினேன் என்றேன். அந்த அத்தியாயத்தில் பஸ் என்ற சொல்லே இல்லை என்பதைச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வரிசையில் அவர் மகளும் பறித்துக்கொண்டிருந்தாள். அன்று விடுமுறை நாள் இல்லை. அவளிடமும் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தானே நிரப்பினாள். வயது: பத்தொன்பது. தொழில்: பூப் பறித்தல். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'பி.எஸ்சி. முதலாம் ஆண்டு' என்று எழுதினாள். சற்று யோசித்துவிட்டு, பக்கத்தில் 'வரை' என்று சேர்த்தாள்.