மெசினுக்கு விளங்காத ஓம்

பிளோறன்ஸ் அக்கா ஜெர்மனை நன்றாகவே பேசுவார். ஆனால் அவசரத்தில் ஆமென்று சொல்ல ஜெர்மன் 'யா' வராது, எங்கள் ஊர் 'ஓம்' தான் முந்திக்கொண்டு வரும். மன்னாரிலிருந்து ஜெர்மனிக்கு அகதியாக வந்து, எசன் நகருக்குப் பக்கத்து உருக்காலையில் நிலக்கரி கிரேன் ஓட்டியவர். கீழே நிற்கும் லூக்காஸ் வோக்கிடோக்கியில், "பாதை தெரியுதா, தூக்குவியா?" என்று கேட்டால், மேலேயிருந்து "ஓம்" என்பார். போகப்போக அங்கே வேலை செய்த வெள்ளைக்காரர்களும் ஒருவருக்கொருவர் "ஓம்" சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் சுமை ஏறியது, இறங்கியது.

இப்போது நிலக்கரி வேண்டாமாம், ஹைட்ரஜனில் இரும்பு உருக்கப்போகிறார்களாம். நல்லது, அக்காவின் பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் புகையை நானும்தானே விழுங்கினேன்! கிரேன் போனால் போகட்டும், புதிய கட்டுப்பாட்டு அறையில் பழைய ஆட்களுக்கு முதலிடம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அக்காவுக்கு அந்த வேலை, உட்கார அந்தக் கதிரை வேண்டும். பென்ஷனுக்கு இன்னும் காலம் கிடக்கிறது.

ஆனால் அதற்கான பயிற்சிக்கு ஆள் எடுப்பது மனிசர் இல்லை, பேசும் கம்பியூட்டர். அது கேட்கும், நாம் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

"வாயு கசிந்தால் உடனே அறிவிப்பீர்களா?"

"ஓம்."

மின்தடையை அளக்கும் அலகான 'ஓம்' என்று எழுதிக்கொண்டதாம் சனியன்! பாதுகாப்புக் கேள்வி எல்லாவற்றுக்கும் அதே பதில், அதே பிழை. அக்கா தகுதியில்லை என்று முடிவு வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி நான், சும்மா இருப்பேனா? "வாங்கோ அக்கா" என்று ஆள் எடுக்கும் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே லிசா என்றொரு பெண். "கம்பியூட்டரின் முடிவு, என்னால் மாற்ற முடியாது" என்றாள். அதே கட்டடத்தில் அக்காவோடு வருடக்கணக்காகக் கோப்பி குடித்தவள்! நான் வாய்விட்டுக் கத்திய பிறகுதான் இரண்டாம் முறை சோதனையைத் திறந்தாள்.

"யா எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா" என்று காதுக்குள் சொன்னேன்.

"ஓம், ஓம், தெரியும்" என்றார்.

கம்பியூட்டர் முதலில் கேட்டது: "முந்தைய முடிவு சரியென ஏற்றுக்கொண்டு தொடர்கிறீர்களா?"

அக்காவின் முகம் சிவந்தது. எதைச் சரியென்று ஏற்பது? "நைன்!" என்றார், இல்லை என்று, கண்ணாடி அதிர.

"நன்றி. உங்கள் விண்ணப்பம் விலக்கப்பட்டது."

லிசா பதறி விசைகளைத் தட்டினாள். திரை அசையவில்லை. அக்கா எழுந்து, குனிந்து, அந்த ஒலிவாங்கியிடமே தமிழில் கேட்டார்.

"இப்ப மட்டும் வடிவா விளங்கிச்சுதோ உனக்கு?"