டிராகனின் பின்பாதி

படப்பிடிப்புத் தளத்தில் அவரை எல்லோரும் வாலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். குதிரையோ கரடியோ, இரண்டு ஆள் புகுந்து ஆட வேண்டிய உடுப்பு எதுவானாலும் பின்பாதி அவருடையது. வருஷக்கணக்காகக் குனிந்தே நடந்ததில் இடுப்பு ஓய்ந்துபோயிருந்தது.

விடுமுறைக்குப் போட ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள். உயரத்தைக் கண்டால் நடுங்கும் டிராகனைப் பறக்கவைக்க ஒரு இளவரசி படாத பாடு படும் சிரிப்புக் கதை. முன்பாதிக்கு வந்து நின்றவரைப் பார்த்ததும் வாலண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. மனைவியின் அண்ணன். மாமனார் படுக்கையில் கிடந்தபோது யார் பார்த்துக்கொள்வது என்று வாய்த்தகராறு முற்றி, அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வேலையை விடவா முடியும்? ஒரே தோலுக்குள் இருவரும் வாய் திறக்காமல் வெந்தார்கள். மைத்துனர் எந்தக் காலை எடுக்கிறார் என்பதை இடுப்புப் பட்டையின் இழுப்பை வைத்தே இவர் தெரிந்துகொண்டார்.

கோபுரப் படியேறும் காட்சி. பாதியில் முன்பாதி நின்றது. பிறகு அப்படியே இவர்மேல் சரிந்தது.

"மச்சான்!"

வாலண்ணன் அவரை இறுகக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கி, தரையில் பொத்தென்று உட்கார்ந்தார். டிராகனின் தலை தொங்கியது. வெளியே ஒரே சிரிப்பு.

"பிரமாதம்! இதை அப்படியே வெச்சுக்கலாம்!" என்று இயக்குநர் கத்தினார்.

"சார், ஜிப்பைத் திறங்க! ஆள் மயங்கிட்டாரு!"

முகத்தில் தண்ணீர் பட்டதும் மைத்துனர் கண் விழித்தார். "என்னைப் போட்டுட்டு வெளிய வந்திருக்கலாமே, மாப்ளை."

"எப்படி வர்றது மச்சான்? ஜிப்பு உங்க பக்கம்ல இருக்கு."

மைத்துனருக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. மீதித் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "தங்கச்சி எப்படி இருக்கா?" என்றார்.

"போன் பண்ணினா அவளே சொல்லுவா."

மைத்துனர் பண்ணவில்லை. விடுமுறையன்று வாலண்ணன் வீட்டு டிவியில் படம் ஓடியது. டிராகன் சரிந்து விழுந்ததும் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணன் மயங்கின இடம் இதுதானா?"

"ம்."

அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். "சாப்பிட்டியாண்ணா?" என்ற குரல் கேட்டது. அதற்கப்புறம் அழுகையும் பேச்சுமாக நீண்டது.

வாலண்ணன் இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துத் தரையில் நீட்டி நிமிர்ந்தார்.

"அப்பா! நீங்க பறக்குறீங்க, பாருங்க!"

"அது நான் இல்லடா, கம்ப்யூட்டரு," என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார்.