நான் மொழிபெயர்த்த சண்டை

நாங்கள் வீடு மாறியது ஒரே சந்துக்குள்தான். லிங்கராஜபுரத்தில், எங்கள் சந்தின் நடுவே இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். சந்து போய் முட்டுகிற இடத்தில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. அதில் இரண்டாவது மாடி வீடு ஒன்று விலைக்கு வந்தபோது அப்பா வாங்கிவிட்டார். பொம்மசந்திராவில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் சூப்பர்வைசராக ஆகியிருந்த நேரம். பீரோவையும் கட்டிலையும் கொண்டுபோக வண்டிகூடப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமாக்கள் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தூக்கி வந்து வைத்துவிட்டு, செருப்பை வெளியே விட்டு, புது டைல்ஸ் தரையில் கூச்சத்தோடு நின்று காபி குடித்துவிட்டுப் போனார்கள். பழைய வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் புது வீட்டு பால்கனியில் கேட்கும். அந்தத் தூரத்தைக் கடந்ததில் எனக்கு சிநேகிதர் என்று ஒருவர்கூட மிஞ்சவில்லை.

சந்தில் அப்போது இரண்டு கூட்டங்கள் இருந்தன. சந்துப் பிள்ளைகள் தங்களை ‘செட்டு’ என்று சொல்லிக்கொள்வார்கள். குடியிருப்புப் பிள்ளைகள் தங்களுக்கு ‘டவர் கேங்’ என்று பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கே மாடிதான், அதிலும் லிஃப்ட் பாதி நாள் ஓடாது, இருந்தாலும் டவர். செட்டு ஆட்கள் டவரின் சைக்கிள்களில் காற்றைப் பிடுங்குவார்கள். டவர் ஆட்கள் மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் பலூன் எறிவார்கள். மதிலைத் தாண்டி வெளியே விழுந்த இறகுப் பந்து திரும்பப் போகாது; மதிலைத் தாண்டி உள்ளே விழுந்த கிரிக்கெட் பந்தும் அப்படித்தான். இரண்டு பக்கமும் பன்னிரண்டு வயதுக்கு மேல் பதினாறுக்குள் உள்ளவர்கள். தங்கள் கூட்டத்துக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று எல்லோருக்குமே ஒரு எண்ணம் இருந்தது. யாரும் கேட்காததால் கொடுக்கவில்லை.

செட்டுக்குத் தலைவி ஸ்டெல்லா. என்னைவிட ஒரு வயது மூத்தவள். அரசுப் பள்ளியில் கன்னட மீடியத்தில் படித்தாள். அவள் அம்மா விடிந்ததும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்விடுவதால், ஆறு வயதுத் தம்பியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டேதான் தலைமை தாங்குவாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அவள் செட்டு. வீடு மாறிய மறுநாள் மாலை வழக்கம்போலக் கீழே இறங்கிப் போனேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும், “மாடி வருது, வழி விடுங்கடா” என்றாள். எல்லோரும் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். யாராவது ஒருவர் தலையில் ஒரு குட்டு வைத்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர்கள் காட்டிய மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

டவர் கேங்கில் சேர முயன்றேன். அங்கே தலைவி நிஹாரிகா. நல்ல உயரம், வேகமான ஆங்கிலம், கோபம் வந்தால் கண்ணைச் சுருக்குவாள். அவர்களுக்குள் ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று சட்டமே இருந்தது. நான் பேரைச் சொல்வதற்குள் அவள் வீட்டு எண்ணைக் கேட்டாள். அன்றிலிருந்து நான் ‘டூ நாட் ஃபோர்’. பாட்மின்டனில் மட்டையைக் கையில் தரவில்லை. புள்ளி எண்ணுகிற வேலையைத் தந்தார்கள். பழைய இறகுப் பந்துகள் எங்கே போயின என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்ற சந்தேகமும் அவர்களுக்கு இருந்தது. அது நியாயமான சந்தேகம்தான்.

அம்மாவிடம் சொன்னால், “போகப் போகச் சரியாயிடும்” என்பாள். அவளும் அந்த மாதங்களில் பெரும்பாலும் பால்கனியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஏப்ரல் வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. குடியிருப்பின் போர்வெல் வற்றிப்போய், தினமும் லாரித் தண்ணீர் வரத் தொடங்கியது. சந்துக்காரர்களுக்குக் கார்ப்பரேஷன் குழாய்தான். அதுவும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் குடத்தோடு காத்திருக்க, அவர்கள் வாசலை உரசிக்கொண்டே லாரி எங்கள் வீட்டுக்குப் போகும். போகிற வழியெல்லாம் தண்ணீர் சிந்திக்கொண்டே போகும். ஒருநாள் மாலை லாரியின் பின்சக்கரம் ஏறி, ஸ்டெல்லா வீட்டு முன்னால் மோரியை, அதாவது சாக்கடையை, மூடியிருந்த சிமென்ட் ஸ்லாப் உடைந்தது. மறுநாள் காலை வாசலில் இறங்கிய அவள் தம்பி அந்த ஓட்டைக்குள் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே கிழிந்து, ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் லாரி வந்தபோது செட்டு முழுவதும் சந்தின் நடுவே உட்கார்ந்திருந்தது.

பெரியவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போயிருந்த நேரம். வாட்ச்மேன் தாத்தா, அசோசியேஷன் செயலாளருக்கு போன் செய்தார். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார். எங்கள் கட்டிடத்தில் முந்தின நாளிலிருந்தே குழாயில் காற்றுதான். லாரி டிரைவர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்தார். பிறகு கன்னடத்தில் எல்லோரையும் பொதுவாகத் திட்டிவிட்டு, இன்னும் கால் மணி நேரத்தில் வழி கிடைக்காவிட்டால் வேறு இடத்தில் ஊற்றிவிட்டுப் போய்விடுவேன் என்றார். டவர் கேங் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. ஒரு பையன் கையில் பாட்மின்டன் மட்டை இருந்தது. செட்டில் ஒருவன் உடைந்த ஸ்லாப்பின் துண்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

நிஹாரிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் உன் ஆட்கள்தானே, போய்ப் பேசு என்றாள்.

நான் நடுவே போய் நின்றேன். என் பின்னால் கொஞ்ச தூரத்தில் அவள். முன்னால் தரையில் ஸ்டெல்லா. நிஹாரிகா அங்கிருந்தே ஆங்கிலத்தில் சொன்னாள். குப்பத்துக்காரர்களுக்கு ரோட்டை மறிப்பதைத் தவிர வேறு என்ன தெரியும், உடனே எழுந்து போகச் சொல், இல்லாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவோம் என்று சொல் என்றாள்.

இதை இப்படியே சொன்னால் மடியிலிருக்கும் கல் பறக்கும் என்று தெரிந்தது. “ஸ்டெல்லா, அவங்க வீட்டுல சுத்தமா தண்ணி இல்லையாம். கொஞ்சம் வழி விட முடியுமான்னு கேக்கறா” என்றேன்.

ஸ்டெல்லா என்னை ஒருமாதிரி பார்த்தாள். “அந்த மகாராணிகிட்ட சொல்லு, ஒரு நாளு குளிக்கலன்னா செத்துட மாட்டா. நாங்க வாரத்துல பாதி நாளு அப்படித்தான் இருக்கோம். நாத்தம் அடிக்குதுன்னா சென்ட்டு அடிச்சிக்கட்டும்.”

நான் திரும்பி, தண்ணீர் இல்லாவிட்டால் எவ்வளவு கஷ்டம் என்று ஸ்டெல்லாவுக்கும் தெரியும், அவர்களுக்கும் அதே கஷ்டம்தான் என்று சொல்கிறாள் என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மிக அழகான வாக்கியம் அது.

நிஹாரிகா கண்ணைச் சுருக்கினாள். முகம் சிவந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் நிதானித்துவிட்டு, அப்படியென்றால் அவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டாள்.

இதை மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஸ்டெல்லாவும் நேராகவே பதில் சொன்னாள்: “ஸ்லாப்பு வேணும். லாரி மெதுவா வரணும். எங்க தம்பிய வந்து பாக்கச் சொல்லு, எவ்ளோ தையலுன்னு.”

சொன்னேன். அதற்குள் மட்டை வைத்திருந்த பையன் ஏதோ முணுமுணுக்க, நிஹாரிகா அவனுக்கு முன்னால் சின்னவளாகிவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, கீழே பார்த்து நடக்கத் தெரியாத பிள்ளையை எதற்கு வெளியே விட வேண்டும் என்று உரக்கச் சொல்லிவிட்டாள்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான், “தம்பிக்குக் கால் இப்ப எப்படி இருக்குன்னு கேக்கறா” என்றேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், பிறகு என்னைத் தாண்டி நிஹாரிகாவைப் பார்த்தாள். அவள் தாடை இறுகுவது தெரிந்தது. எழுந்து அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் குரல் தாழ்ந்து வந்தது. “ராத்திரி பூரா அழுதான். காலையிலதான் தூங்கினான். நொண்டிட்டே பாத்ரூம் போறான்.”

அதை ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே நிஹாரிகா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. நிஹாரிகா உள்ளே போய் வாட்ச்மேன் தாத்தாவிடம் ஏதோ கேட்டாள். கட்டிடம் கட்டியபோது மிஞ்சிய கனமான இரும்புத் தகடு ஒன்று பேஸ்மென்டில் கிடந்தது. டவர் பையன்கள் நான்கு பேர் அதைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து வந்தார்கள். அந்தச் சத்தத்தில் பல் கூசியது. கேட்டைத் தாண்டியதும் செட்டுப் பையன்கள் இரண்டு பேர் யாரும் சொல்லாமலே எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்தார்கள். மடியில் கல் வைத்திருந்தவன்தான் முதலில் போனான். தகட்டை மோரியின் மேல் போட்டு, ஸ்டெல்லா அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். ஆடவில்லை. “வரச் சொல்லு” என்றாள்.

லாரி ஊர்ந்து போயிற்று. கேட்டருகே டிரைவர் குழாயை இறக்கும்போது நிஹாரிகா அவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அவர் முதலில் முடியாது என்று தலையாட்டினார், பிறகு சிரித்தார். ஸ்டெல்லா வீட்டு டிரம் நிரம்பியது. அதைப் பார்த்துப் பக்கத்து வீடுகளிலிருந்து குடங்கள் வந்தன. மேலே பால்கனியில் நின்றிருந்த அம்மா எப்போது இறங்கி வந்தாளோ தெரியாது, குடங்களை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

இதனால் சந்தில் சமாதானம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில், பொதுத் தண்ணீரை யார் கொடுக்கச் சொன்னது என்று பெரிய விவாதம் நடந்தது. நிஹாரிகாவின் அப்பாவும் என் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திட்டு வாங்கினார்கள். நிஜமான ஸ்லாப், மழைக்காலம் முடிந்த பிறகுதான் வந்தது. பலூன்களும் காற்றுப் பிடுங்கலும் தொடர்ந்தன. ஆனால் ஏதாவது தகராறு என்றால் இரண்டு பக்கமும் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஸ்டெல்லா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நிஹாரிகாவும் ஒருநாள் என் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அந்த வயதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்திக்கு ஆங்கிலம் தெரியாது, இன்னொருத்திக்குத் தமிழ் தெரியாது, நடுவில் நான் மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கு மண்டை உடைந்திருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். அரிசி களைந்துகொண்டே அம்மா, “ஆமா, நீ இல்லன்னா ஆயிருக்காதுதான்” என்றாள். அவள் ஏன் அப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

போன வருடம் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அங்கேதான் வேலை செய்கிறாள். போனில் யாரிடமோ சரளமான ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். இதெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

“பேசத்தான் அப்போ வராது. கேட்டா புரியும்டி. இந்த ஊருல யாருக்குப் புரியாது?”

எனக்கு அந்த வெயிலும் லாரியும் கண்முன் வந்தன. “அப்போ நிஹாரிகா சொன்னதெல்லாம்?”

“எல்லாம்தான். அவளுக்கும் நான் சொன்னது புரியும். அவங்க காக்ஸ் டவுன்ல இருந்தப்ப அவங்க வீட்டுல வேல பாத்த எங்க பெரியம்மாதான் அவளத் தூக்கி வளத்தாங்க. தமிழ்ல கெட்ட வார்த்த கூடத் தெரியும் அவளுக்கு.”

“அப்புறம் ஏன்டி ரெண்டு பேரும் சும்மா இருந்தீங்க?”

ஸ்டெல்லா மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினாள். “தம்பி கால் எப்படி இருக்குன்னு கேட்டதா நீ சொன்னே பாரு. யாராவது அதக் கேக்க மாட்டாங்களான்னுதான் காலையிலேர்ந்து உக்காந்திருந்தேன்” என்றாள்.