துணி வண்டியில் என் இருக்கை

எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வராது. பேச்சு வேண்டும், ஆள் வேண்டும், ஊர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் அருப்புக்கோட்டையில் கடை போடாமல் ஒரு பிக்கப் வண்டியை வாங்கினோம். பின்னால் தகரக் கூண்டு கட்டி, சேலை, நைட்டி, உள்பாவாடை என்று அடுக்கிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் ஊர் ஊராகப் போய் விற்கிறோம். ஒரு நாள் காரியாபட்டிப் பக்கம், ஒரு நாள் திருச்சுழி, ஒரு நாள் நரிக்குடி. அவர் ஓட்டுவார், நான் விற்பேன். அவர் வாயைத் திறந்தால் விலை மட்டும்தான் வரும். எனக்கு விலையைத் தவிர மற்ற எல்லாம் வரும்.

போன பங்குனியில் என் உடம்புக்குள் யாரோ அடுப்பை மூட்டிவிட்டார்கள். மாதவிலக்கு நிற்கிற வயது. நெஞ்சில் கிளம்பும், கழுத்தில் ஏறும், காதுமடல் எரியும், ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அது இறங்கியதும் உடம்பு வெடவெடக்கும். "கொஞ்ச காலம் இப்படித்தாம்மா இருக்கும். வெயில்ல அலையாதீங்க" என்றார் டாக்டரம்மா. அலைவதுதான் என் பிழைப்பு என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வண்டியில் ஏசி இருந்தது. இருந்தது என்று மட்டும்தான் சொல்லலாம். கடைசி அளவுக்குத் திருகினால் மாவு மில் மாதிரி இரையும். முகத்துக்கு வந்து சேருவதோ தூங்குகிற ஆளின் மூச்சுதான். நரிக்குடியில் சேலை பார்க்க வந்த ஒருத்தி வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, உங்க ஏசி மாமியா வீட்டுக்கு வந்த புதுப்பொண்ணு மாதிரி மூச்சு விடுது" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த மாதிரி பேச்சுக்காகத்தான் நான் வண்டியில் போகிறேன். துணி விற்பது அதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லுவேன்.

அதே நரிக்குடியில்தான், சித்திரை நடுவில், ஒரு சேலையை உதறிக் காட்டிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. டயரைப் பிடித்தபடி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் நீச்சத்தண்ணி கொடுத்தார்கள், விசிறினார்கள். "வெயிலு உச்சந்தலையில உக்காந்து பேன் பாக்குது, நீங்க சேலைய விரிச்சுக்கிட்டு நிக்கிறீகளே" என்று ஒருத்தி திட்டினாள். அரை மயக்கத்திலும் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் சேலைகளை மடித்து உள்ளே வைத்தார். அவர் மடிப்பு ஒன்றும் சரியாக இல்லை.

வண்டியை எடுத்துத் திருச்சுழி தாண்டினார். அப்புறம் சொன்னார்.

"இனிமே நீ வர வேண்டாம். வீட்ல இரு. உன் சீட்டுலயும் ரெண்டு கட்டு ஏத்திக்கிறேன்."

"நைட்டிக்கு அளவு கேக்கிற பொம்பளைக்கு நீங்க என்ன சொல்லுவீக?"

"எல்லாம் ஒரே அளவுதான, லொடலொடன்னு."

"உள்பாவாடை கேட்டா?"

கியரை மாற்றினார். இரண்டு பக்கமும் கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, ஆட்டிக்கொண்டே இருந்தேன். நாலு சுவருக்குள் நானும் டிவியும். நினைக்கும்போதே மறுபடி வேர்த்தது.

"ஏசிய நல்லாக்கிட்டா வரலாமா?"

"ஆக்கு, பாப்போம். இல்லேன்னா வீடுதான்."

மறுநாளே ஏசி மெக்கானிக்கிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கேஸ் குறைவு என்று ஏற்றினார். முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏசி வலையில் அப்பியிருந்த மண்ணையும் பூச்சியையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு வெள்ளித்தாள் தட்டி வைக்கச் சொன்னார். ஏறியதும் இரண்டு கண்ணாடியையும் இறக்கி, உள்ளே வெந்துகிடக்கும் காற்றை வெளியே விரட்டிவிட்டு அப்புறம் ஏசியைப் போடச் சொன்னார். வெளிக்காற்றை அடைத்து, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடச் சொன்னார். அதை நாங்கள் எப்போதும் அப்படித்தான் வைத்திருந்தோம், புழுதிக்குப் பயந்து.

எல்லாம் செய்து பார்த்தோம். காற்று வருகிற துவாரத்தில் விரலை வைத்தால் ஜில்லென்று இருந்தது. விரலை எடுத்தால் ஒன்றும் இல்லை.

"அக்கா, கூலிங் இருக்கு. வண்டி சின்னது, வெயிலு பெருசு. நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அடுத்த திருச்சுழி நாளில் வம்பாக ஏறி உட்கார்ந்துகொண்டேன். "இதுதான் கடைசி" என்றார். என் காலடியில் எப்போதும்போலத் துண்டுக்கட்டுகள். மற்ற துணியெல்லாம் பின்னால் கூண்டில் இருக்கும். துண்டு மட்டும் என் காலடியில். டீக்கடையில் நிற்கிற ஆண்கள் சேலை வண்டிப் பக்கம் வந்து நிற்கக் கூச்சப்படுவார்கள். ஜன்னல் பக்கம் வந்து "ஒரு துண்டு இருக்காக்கா?" என்பார்கள். இறங்காமலே எடுத்து நீட்டிவிடுவேன். தறியிலிருந்து வந்த புதுத் துண்டு, தொட்டாலே பஞ்சு உதிரும்.

அன்றைக்கு ஆட்டிக்கொண்டிருந்த என் கால் பட்டு ஒரு கட்டின் முடிச்சு அவிழ்ந்தது. பச்சைக்கரையிலிருந்து ஒரு நூல் பிரிந்து எழும்பியது. கீழே விழவில்லை. முன்னால் நகர்ந்து, டாஷ்போர்டுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. குனிந்து எடுத்தேன். விட்டேன். மறுபடி அங்கேயே போய் ஒட்டியது.

"ஏங்க, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அவர் போட்ட பிரேக்கில் பின்னால் இருந்த நைட்டிக் கட்டெல்லாம் சரிந்த சத்தம் கேட்டது. "மயக்கமா? தண்ணி குடி, தண்ணி குடி!"

"மயக்கமில்ல. நூலு போகுது."

"எங்க போகுது?"

"உள்ள போகுதுங்க. யாரோ இழுக்கிற மாதிரி."

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பிடித்து டாஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோனேன். அங்கே ஒரு வாய் இருந்தது. தடவினால் ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று ரோமம்.

திருச்சுழிக்குப் போகவில்லை. வண்டியை அங்கேயே திருப்பினோம். மெக்கானிக் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "ஏசி காத்த இழுக்கிற வாய் இதுதான் அக்கா! இங்கனயா துண்டை அடுக்கி வச்சிருக்கீக?" காற்றை வெளியே தள்ளும் விசிறியைக் கழற்றினார். அதற்குப் பின்னால், குளிர் உண்டாகிற சுருள்குழாய், 'காயில்' என்பார்கள், அதன் மேல் கனமான பஞ்சுப் போர்வை. உரித்து எடுத்தபோது அடுக்கடுக்காக வந்தது. மேலே பச்சை, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் காவி. மாலை போடுகிற மாதத்தில் நாங்கள் விற்ற காவித் துண்டு! வருஷக் கணக்கில் விற்ற சரக்கெல்லாம் எங்கள் மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நானும் வண்டி முன்பக்கத்தையே கழுவிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க" என்று மெக்கானிக் தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரர் அந்தப் பஞ்சை வாங்கி விரலால் திரித்துப் பார்த்தார். "இதத் தறிக்காரங்கிட்டக் குடுத்தா ஒரு துண்டு திரும்ப வாங்கலாம் போல" என்றார். கல்யாணமான நாளாக அவர் சொல்லி நான் கேட்ட வேடிக்கைப் பேச்சு அது ஒன்றுதான் இருக்கும்.

காயிலைப் பிரஷ் போட்டுக் கழுவி, அந்த வாய்க்கு ஒரு வலை வைத்து, வாரம் ஒருமுறை கழற்றி உதறச் சொன்னார் மெக்கானிக். ஏசியைப் போட்டதும் என் முந்தானை பறந்தது. "ஆச்சா?" என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நரிக்குடி போயிட்டு வந்தாத்தான் ஆச்சு" என்றார்.

நரிக்குடிக்குப் புறப்பட்டபோது துண்டுகள் மூடி போட்ட தகரப்பெட்டியில் பின்னால் போயிருந்தன. கால் நீட்ட எனக்கு இடம் கிடைத்தது. ஊரை நெருங்கும்போது அது வந்தது. நெஞ்சு, கழுத்து, காதுமடல். வராமல் எங்கே போகும், ஏசிக்குப் பயந்தா ஓடிவிடும்? துவாரத்தை என் பக்கம் திருப்பிவிட்டேன். காற்று நேராகக் கழுத்தில் அடித்தது. வேர்வை ஆற ஆற, உள்ளே இருந்த அனல் மெல்ல இறங்கியது. கண் இருட்டவில்லை. அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டியது எனக்குத் தெரியும்.

"திரும்பிருவமா?" என்றார்.

"எதுக்கு?"

"மொகம் செவந்துருக்கு."

"செவக்கட்டும். கம்மாக்கரைத் தெருவுக்கு விடுங்க."

வண்டி நின்றால் இன்னமும் குளிர்ச்சி குறையத்தான் செய்கிறது. அதனால் ஒரு தெருவில் ரொம்ப நேரம் நிற்பதில்லை. விற்பேன், ஏறுவேன், ஆறுவேன், அடுத்த தெரு. அன்றைக்கு நான் இறங்கியதும் சேலை பார்க்க ஒருத்தி ஓடி வந்தாள். "என்ன மதினி, வீட்ல உக்கார வச்சுட்டாகன்னு கேள்விப்பட்டமே?"

"உக்கார வைக்கத்தான் பாத்தாக" என்று அவரைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் பின்கதவைத் திறந்து, நைட்டிக் கட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "அளவு கேக்குறாக. நீயே சொல்லு."