இடம் மாறிய மரு

போன வியாழக்கிழமை எங்கள் வாசலில் ஒரு சண்டை. ரிடையரான தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும்... ஜட்காவை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடி முகம்தான் வேண்டும் என்று அவர். ஊர் முகம் இல்லாவிட்டால் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று அந்த அம்மாள். ஜட்காக்காரன் வாடகை கேட்பதைக்கூட மறந்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, இல்லையா? சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் செம்புத் தகட்டில் புடைப்புச் சித்திரம் செய்கிறவர். அரக்கு மெத்தையில் தகட்டைக் குப்புறப் போட்டு, பின்பக்கமாகச் சுத்தியலால் தட்டித் தட்டி... திருப்பிப் பார்த்தால் முன்பக்கத்தில் உருவம் மூக்கும் முழியுமாக எழுந்து நிற்கும். நடுநடுவே வெட்டிவிட்டு வர்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பார். மயிலுக்கு நீலம், திராட்சைக் குலைக்கு ஊதா. விடிந்தால் போதும், டக் டக் டக்... அல்சூரில் எங்கள் தெருவில் யாரும் அலாரம் கடிகாரம் வாங்கியதே இல்லை.

ஆரம்பத்தில் எல்லாம் மாதா கோயில் வேலைதான். பீடத்துக்கு இறக்கை வைத்த சம்மனசுகள், நற்கருணைப் பேழைக்குக் கதவு. பிறகு பங்களாக்காரர்கள் மயிலும் தாமரையும் கேட்டு வந்தார்கள். இதிலெல்லாம் ஒரு சௌகரியம் உண்டு. பின்னாலிருந்து அடிப்பதால் வலது இடதாகும், இடது வலதாகும்—ஆனால் மயில் எந்தப் பக்கம் திரும்பினால் யாருக்கு என்ன? சம்மனசுக்கு எந்தக் கன்னத்தில் மச்சம் என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

வம்பு, மனுஷ முகத்தில்தான் வந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால், எங்கள் பேட்டையில் கான்ட்ராக்டர் முதலியார் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். ஹாலில் மாட்ட அவர் முகத்தைச் செம்பில் செய்து தரும்படி ஆர்டர். மனுஷ முகத்துக்கு வந்த முதல் ஆர்டர் அது. இவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

என் அண்ணனுக்கோ இந்த டக் டக் தொழிலில் துளிகூட நம்பிக்கை கிடையாது. தன் ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலையைப் பிடித்து வைத்திருந்தார். முதலியார் வேலை நன்றாக அமைந்தால் இனி வாயே திறக்க மாட்டேன், அமையாவிட்டால் மாப்பிள்ளை வருகிற திங்கட்கிழமையே ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்றார். இவரும் ரோஷத்தில் சரி என்றுவிட்டார். அண்ணன் சும்மா இருப்பாரா? அளவெடுக்காமலேயே ஒரு கறுப்புக் கோட்டுத் தைத்து அனுப்பிவிட்டார்! அது ஆணியில் தொங்கிக்கொண்டு இவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தது.

இவருக்கு ஒரே கவலை, அடியில் வரவேண்டிய பேரைப் பற்றி. தமிழிலும் இங்கிலீஷிலும் அடிக்க வேண்டும். எழுத்து இடவலம் மாறி விழுந்தால் மானம் போய்விடும் அல்லவா? எழுத்துகளைத் திருப்பி வரைந்தார், முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடித்துச் சரிபார்த்தார், மறுபடி வரைந்தார். என்னை வேறு கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பேர் அச்சடித்த மாதிரி வந்தது. முகமும் அற்புதம். மூக்குக்கண்ணாடிக்கு நிஜக் கண்ணாடியே வெட்டிப் பதித்திருந்தார். வெளிச்சம் பட்டால் முதலியார் முறைக்கிற மாதிரியே இருக்கும்.

விசேஷத்தன்று காலை, தகட்டைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முதலியாரின் போட்டோ. இதைப் பார்த்தேன். அதைப் பார்த்தேன். மாதாவே...

"ஏங்க, மரு..." என்றேன்.

முதலியாருக்கு வலது கன்னத்தில் மிளகளவு மரு உண்டு. அது முளைத்த பிறகுதான் கான்ட்ராக்ட்டெல்லாம் கைகூடி வந்தது என்று பேட்டையே சொல்லும். அந்த ராசியான மரு செம்பில் இடது கன்னத்துக்குக் குடிபோயிருந்தது. எழுத்தையே நினைத்து நினைத்து எழுத்தைத் திருப்பிய மனுஷன், முகத்தைத் திருப்ப மறந்துவிட்டார்!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் ஜட்கா வந்து நின்றது. இவர் கோட்டைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், எழுந்தார்.

"போலாம், வா. செஞ்சவன் நான். நானே கொண்டுபோய் நிக்கிறேன்."

முதலியார் வீட்டில் நாயனம், சந்தனம், கூட்டம். முன் வரிசையில் யார்? என் அண்ணன்! விரிப்பை எடுத்ததும் ஒரு நிமிஷம் எல்லோரும் ஆகா என்றார்கள். அடுத்த நிமிஷம் முதலியாரின் மனைவி கிட்டே வந்தார்.

"என்னப்பா இது? மரு அந்தப் பக்கம் போயிடுச்சே?"

அவ்வளவுதான். மூத்த பிள்ளை போட்டோவை எடுத்துவர ஓடினான். ராசி போயிற்று என்று ஓர் அம்மாள் முணுமுணுத்தார். நாயனம்கூட நின்றுவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்து, கோட்டுக்குப் பொத்தான் போடுவது போல விரலால் ஜாடை காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு...

அப்போது முதலியார் எழுந்து வந்தார். தகட்டின் எதிரே நின்று தன் வலது கன்னத்தைத் தடவினார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இவன்தான்டி நான்," என்றார் மனைவியிடம். "தினம் காலையில ஷேவ் பண்றப்ப எதிர்ல நிக்கிறவன் இவன்தான். போட்டோவுல இருக்கிறவன் யாருன்னு எனக்கு இத்தனை வருஷமா வெளங்கவே இல்ல."

மரு இடம் மாறியிருக்கிறது என்று வீடே சேர்ந்து விளக்கியது. மனுஷர் மசிந்தால்தானே? ஊர் பார்க்கிற முகம் ஊருக்கு, நான் பார்க்கிற முகம் எனக்கு என்று சாதித்துவிட்டார். அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"அவருக்கு அது இருக்கட்டும், தம்பி. நான் கட்டிக்கிட்டவரை எனக்குத் தனியா ஒண்ணு செஞ்சு குடு."

ஒரு தப்புக்கு இரண்டு ஆர்டர்! நாயனம் மறுபடி கிளம்பியது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. புடவையை நினைத்து அடக்கிக்கொண்டேன். அண்ணன் பந்தியில் லட்டு தின்றுவிட்டு, அந்த வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கோட்டை மட்டும் நான் திருப்பித் தரவில்லை. செம்பைத் துடைத்துப் பளபளப்பாக்க அதைவிட நல்ல துணி கிடையாது.

அன்றிலிருந்து யார் வந்தாலும் இவர் கேட்கிற முதல் கேள்வி, கண்ணாடி முகமா, ஊர் முகமா? நான் கவனித்தவரை தனக்கென்று செய்துகொள்கிறவர்கள் கண்ணாடி முகம் கேட்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஊர் முகம் கேட்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். நம்முடைய முகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை நம்மைத் தவிர ஒருவரும் பார்த்ததே இல்லை! அப்புறம், என்னை யாருமே புரிந்துகொள்ளவில்லை என்று அழுது என்ன பிரயோஜனம்?

தலைமையாசிரியர் தம்பதியும் இரண்டாகவே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் எனக்கு ஒரு பொறாமை. ஊரார் முகமெல்லாம் அடிக்கிறீர்கள், கட்டிய பெண்டாட்டி முகத்தை ஒரு நாளாவது அடித்ததுண்டா என்று கேட்டேவிட்டேன். இவர் சுத்தியலைக் கீழே வைக்கவே இல்லை.

"கோயில் பீடத்துல இருக்கிற சம்மனசு யாருன்னு நெனச்சிக்கிட்டிருக்கே?"

எனக்கு ஒரு காது கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். அதை மறைக்கத்தான் இந்தக் கொண்டை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனதும் எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் முழங்காலிட்டுக் கும்பிட்ட சம்மனசுக்கும் ஒரு காது துருத்திக்கொண்டுதான் இருந்தது.

எந்தப் பக்கத்துக் காது என்று கேட்காதீர்கள்... கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருக்கும்போது வலதாவது, இடதாவது!