கத்தரி அக்கா வெட்டாமல் விட்ட இடம்

வானொலி நிலையத்தில் அவளுக்குக் கத்தரி அக்கா என்று பெயர். கையில் கத்தரி ஒன்றும் கிடையாது, ஒரு கணினியும் ஹெட்போனும்தான். எழுத்தாளர்கள் அரங்கில் பேசுவதைப் பதிவுசெய்து ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒலிபரப்புவார்கள். அந்தத் தொடருக்கு இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் ஒலித்தொகுப்பாளர். இருமல், செருமல், "வந்து... வந்து...", தண்ணீர் குடிக்கும் சத்தம் எல்லாவற்றையும் ஈவிரக்கமில்லாமல் வெட்டுவாள். மேடையில் திக்கித் திணறிய மகானுபாவர்கள்கூட அவள் கைபட்டால் வெளுத்து வாங்குவார்கள். ஒருவர் தன் பேச்சைத் தானே கேட்டுவிட்டு, "நானா இவ்வளவு நல்லா பேசினேன்?" என்று போனில் கேட்டார். "நீங்கதான் சார்," என்று மனசறிந்து பொய் சொன்னாள்.

அவளுக்கு முதல் எதிரி மௌனம். பதினைந்து விநாடி சத்தமே இல்லாவிட்டால், நிலையம் செத்துவிட்டது என்று நினைத்துக் கட்டுப்பாட்டு அறையிலுள்ள இயந்திரம் தானாக வயலின் வாசிக்க ஆரம்பித்துவிடும். யாராவது கையால் நிறுத்தினால்தான் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை இயக்குநர் கூப்பிட்டார். "இந்த மாசத்தோட தொடரை நிறுத்திடலாம்மா. யார் கேக்கிறாங்க? போன வருஷம் மொத்தமே மூணு கடிதம்."

அதில் ஒன்று அவள் கணவர் எழுதியது. அதை அவள் சொல்லவில்லை. இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது கண்ணீர் கண்ணை மறைத்தது. அந்த வாரம் பேசியவர் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்து, அதைப் புத்தகமாக எழுதிய நர்ஸம்மா. வெட்டிய பதிவு, வெட்டாத பதிவு இரண்டும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் தப்பானதை அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் யாரோ இருமினார்கள்.

"என்னம்மா, இருமல் வருது?"

வெட்டாத பதிவை அனுப்பியிருப்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுச் செருப்போடு ஓடினாள். நிலையம் நான்கு தெரு தள்ளி. வழியில் ஒரு கடை ரேடியோவில் நர்ஸம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "ஏழாம் நம்பர் கட்டில்ல இருந்த அம்மா, மகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாங்க. என்ன எழுதச் சொன்னாங்கன்னா..." பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வயலின் பாடத் தொடங்கியது.

அக்காவின் பதிவு என்றால் பிசகாது என்று நம்பி, அறிவிப்பாளர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் உள்ளே பாய்ந்து வயலினை நிறுத்தியபோது பதிவில் அரங்கமே கைதட்டிக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்திருந்தது. போன் அடித்தது. வசவு வாங்கத் தயாராகி எடுத்தாள்.

"ஏங்க, வயலினை யாரு கேட்டா? அந்தம்மா என்ன எழுதச் சொன்னாங்க?"

வைத்ததும் மறுபடி அடித்தது. ஒருவர் டாக்சியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார். ஒரு தையற்காரர், மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதாகச் சொன்னார். "இவ்வளவு நாளா கேக்கறீங்களே, ஒரு போன்கூடப் பண்ணலையே?" என்று அவள் ஆற்றாமையோடு கேட்டாள்.

"எல்லாம் நல்லாதானே போச்சு? எதுக்குப் பண்ணணும்?" என்றார் தையற்காரர்.

யாரையும் கேட்காமல், கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லாத வாக்குறுதியை அவள் எல்லோருக்கும் கொடுத்தாள்: "அடுத்த ஞாயிறு முழுசாப் போடறோம்."

திங்கட்கிழமை, அழைத்தவர்களைக் குறித்த நோட்டை இயக்குநரின் மேஜையில் வைத்தாள். "தப்பு என்னோடது சார். வெட்டாததை அனுப்பிட்டேன். மறுபடி போடறோம்னும் சொல்லிட்டேன்."

"மெமோ வரும்," என்றார், நோட்டைப் புரட்டியபடி. அறுபத்து மூன்று பேர்.

"சரி சார்."

அவள் கதவருகே போனதும் அவர் தொண்டையைச் செருமினார். "அது சரி... அந்தம்மா என்னதான் எழுதச் சொன்னாங்க?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த ஞாயிறு கேளுங்க சார்."

மெமோவும் வந்தது, தொடரை இன்னொரு வருஷம் நீட்டிக்கும் உத்தரவும் வந்தது. இரண்டிலும் அதே கையெழுத்து.

அடுத்த ஞாயிறு இருமல்களை மட்டும் வெட்டியிருந்தாள். வயலின் இயந்திரத்தைத் தானே அணைத்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தாள். "என்ன எழுதச் சொன்னாங்கன்னா..." பேச்சு நின்றது. இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனை இடங்களை வெட்டி எறிந்தோமோ என்று மனசு அடித்துக்கொண்டது. பதினைந்து விநாடி தாண்டியது. பதினாறு. பதினேழு. பத்தொன்பதில் நர்ஸம்மாவின் குரல் திரும்பி வந்தது.

"'எனக்கு உன்மேல கோபமே இல்ல. வந்துட்டுப் போ.' அவ்வளவுதான் எழுதச் சொன்னாங்க."

கத்தரி அக்கா போனைப் பார்த்தாள். அது அடிக்கவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.