பிரம்பு நாற்காலி பூட்டிய பட்பட்டி

எனக்குக் கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்து இரண்டு தீபாவளி ஆகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் வாசலில் மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் வண்டி நிறையத் துருப்பிடித்த இரும்பு. அதன் நடுவில், மனிதர் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு பெட்டைக் கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பின்னால் என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளி பாயும் சாமி ஊர்வலத்தில் வருகிறவர்கள் மாதிரி முகம் மலர்ந்து நடந்து வந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில் வேலை. பச்சைத் தோலைப் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்போம். அங்கே கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. பாய் அதே ஷாப்புக்கு மாட்டுத்தோல் கொண்டுவந்து கொடுக்கிற வியாபாரி. எதைப் பிரித்துப் பார்க்கலாம் என்பதைத் தவிர இந்த இரண்டு பேரும் வேறு எதையும் பேசி நான் கேட்டதில்லை.

"தங்கச்சி, பட்பட்டி வாங்கிட்டோம்!" என்று பாய் தெருவிலிருந்தே கத்தினார். மோட்டார் சைக்கிளுக்கு அவர் பாஷையில் பட்பட்டி.

"கோழியையுமா?" என்றேன்.

"அது எறங்க மாட்டேன்னுச்சு. அப்படியே தூக்கியாந்துட்டோம்."

பாகாயத்துப் பக்கம் ஒரு பங்களாவில் இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது விட்டுப் போன வண்டியாம். அதற்குப் பிறகு அது கோழிக் கொட்டகையிலேயே கிடந்திருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது என்பதைத் தவிர அதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. பெட்ரோல் டாங்கியின் மேல் எழுதியிருந்த பெயரைக் கோழிகள் கொத்தித் தின்றிருந்தன.

அன்றிலிருந்து என் சமையலறை என்னுடையதாக இல்லை. இட்லிப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் எஞ்சின் சாமான்களை ஊற வைத்தார்கள். ஆப்பக்கரண்டியால் கரியைச் சுரண்டினார்கள். முதலில் நான் சண்டை போட்டேன். பிறகு ஒரு நாள் இவர் வீட்டில் இல்லாத நேரத்தில் பித்தளை மூடி ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து தங்கம் மாதிரி பளபளவென்று வந்தது. அவ்வளவுதான், எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. சாயங்காலம் ஆனால் நான்தான் முதல் ஆளாகக் கந்தல்துணியோடு முற்றத்தில் உட்காருவேன்.

டாங்கிக்குச் சிவப்பு அடிக்க வேண்டும் என்றார் இவர். பச்சைதான் என்றார் பாய். பேச்சுவார்த்தை ஒரு வாரம் நடந்தது. கடைசியில் வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் பச்சை என்று முடிவானது. பின்னாளில் ஊரில் பாதிப் பேர், எங்களிடம் இரண்டு வண்டி இருப்பதாகவே நம்பினார்கள்.

அந்தக் காலத்துப் பழைய வண்டி அது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலி கிடையாது, தோல் வார்தான். பழைய வார் தொட்டதும் அப்பளமாய் நொறுங்கியது. பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோலுக்கு நாம சீமைக்கா எழுதிப் போடணும்? ஆம்பூர்ல உக்காந்துக்கினு?" என்றார். நல்ல தடித்த எருமைத் தோலாகப் பொறுக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமானதும் கீறி, ஆணி அடித்து வாராக்கி மாட்டினார்கள்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவே கூடியது. சத்தம் வானத்தைப் பிளந்தது, ஆனால் பின்சக்கரம் அசையவில்லை. ஷாப்பில் வாருக்கு எண்ணெய் தடவி மெருகேற்றியிருந்தார்கள், அது சக்கரத்தைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே சுற்றியது. ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நின்ற இருவரையும் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. சாமிக்குப் புகை போட இடித்து வைத்திருந்த குங்கிலியப் பொடி நினைவுக்கு வந்தது. இடித்தால் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். ஒரு பிடி அள்ளி வந்து வாரின் மேல் வீசினேன்.

வண்டி மடாரென்று பாய்ந்தது. அதற்குக் கிளச்சு கிடையாது. பக்கத்தில் கூடவே ஓடித் தாவி ஏற வேண்டும். இவர் தாவியதில் வயிறுதான் சீட்டில் விழுந்தது. கால்கள் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், மூட்டை மாதிரித் தொங்கிக்கொண்டே கடைத்தெருப் பக்கம் போய் மறைந்தார். பாய் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். வெகு நேரம் கழித்து இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இவர் முழங்கை பூராவும் சிராய்ப்பு. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் பிரம்பு நாற்காலி. பாய் தன் வீட்டிலிருந்து தூக்கிவந்த நாற்காலியின் கால்களை அறுத்து, இரும்புச் சட்டம் அடித்து, ஒரு சைக்கிள் சக்கரம் வைத்து, வண்டிக்குப் பக்கத்தில் பூட்டினார்கள். நான் விழாமலிருக்க இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு தோல் வாரும் உண்டு. அதில் உட்கார்ந்து ஆம்பூரைச் சுற்றி வந்த அன்று, காற்றில் முந்தானை கொடியாய்ப் பறந்தது. எனக்கு எதற்கென்று தெரியாமல் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

கொஞ்ச நாளில் எனக்கு இன்னொரு சந்தோஷமும் உறுதியானது. அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா வீடு மலையடிவாரத்தில், ஆலங்காயத்தில். "பட்பட்டியிலயே போலாமா?" என்றுதான் கேட்டேன். இவர் உடனே பெட்ரோல் வாங்கிவர ஓடினார்.

காலையில் பாய் தள்ளிவிட, நாங்கள் கிளம்பினோம். வாணியம்பாடி தாண்டும் வரை ராஜபோகம். எதிரே வந்த மாடுகள் மிரண்டன, ஆடுகள் சிதறின, புளியமரத்துக் குரங்குகள் எங்களைப் பார்த்துத் திட்டின. மலை கிட்டே தெரிய ஆரம்பித்தபோது ஏதோ டங்கென்று அறுந்தது.

"இன்னாங்க அது?"

"எஞ்சினை நிறுத்துற கம்பி."

"அப்போ வேகத்தையாவது கொறைங்க."

"அந்தப் பிடியும் புழுதியில சிக்கிக்கிச்சு, பிரேக்கும் பத்தாது. பெட்ரோல் குழாயை மூடறேன். உள்ள இருக்கறது தீர்ற வரைக்கும் ஓடும், அப்புறம் தானா நின்னுடும்."

அதற்குள் ஊர் வந்துவிட்டது. எங்கள் வீடு குளக்கரையில். பாதை குளத்தைச் சுற்றி வளைந்து போகும். வாசலில் அம்மா முறத்தோடு நின்றாள். அப்பா புளியும் தேனும் விற்கிறவர், தராசோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவர்களைக் கடந்து போனோம்.

"எங்கடி போறீங்க?" என்று அம்மா கத்தினாள்.

"நிறுத்த முடியலம்மா!"

குளத்தைச் சுற்றி மறுபடியும் வந்தோம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. "அம்மா, நான் முழுகாம இருக்கேன்!" என்று கத்திவிட்டேன்.

அந்தச் சத்தத்தில் அம்மா காதில் விழுந்தது 'முழுகா' மட்டும்தான். "ஐயோ, யாரோ முழுகிட்டாங்களாம்! ஓடியாங்க!" என்று அலறினாள். அப்பா தராசைப் போட்டுவிட்டுச் சட்டை வேட்டியோடு குளத்தில் குதித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். மூன்றாம் சுற்று வந்தபோது குளத்துக்குள் நாலைந்து தலைகள் தெரிந்தன. அப்பா மூச்சைப் பிடித்து மூழ்கி மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார்.

"யார்டீ முழுகினது?"

"யாரும் முழுகல! நான்தான்! நான்தாம்மா முழுகாம இருக்கேன்!"

அம்மா கையிலிருந்த முறம் கீழே விழுந்தது.

"இன்னா சொன்ன?" என்றார் இவர். என் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டார். பாதையைப் பார்க்க ஆளில்லை. நல்லவேளையாக அந்த நேரத்தில் பெட்ரோல் தீர்ந்து, வண்டி மெதுவாக உருண்டு எங்கள் வீட்டு வைக்கோல் போருக்குள் புகுந்து நின்றது. என் தலை பூராவும் வைக்கோல். இவர் இறங்கவே இல்லை. "நெஜமாவா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அப்பா காதில் பாசி தொங்க, தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒருத்தரையும் காணோமே. எவன்தான் முழுகினது?"

"நீங்க தாத்தா ஆவப் போறீங்க, மேல ஏறி வாங்க!" என்றாள் அம்மா.

ஊரே சிரித்தது. அப்பா கரையேறி, ஈர வேட்டியோடு நேரே என்னிடம் வந்து தலையைத் தொட்டார். பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். சிவப்பைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார்.

குழந்தை பிறக்கும் வரை நான் அந்த நாற்காலியைத் தொடக்கூடாது என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். இவர் கம்பியைச் சரிசெய்து மறுநாள் ஆம்பூருக்குக் கிளம்பும்போது, அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாணியம்பாடியில் புளி விஷயமாக ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். நாற்காலி சும்மாதானே போகிறது என்றார். தெருவே சேர்ந்து தள்ளிவிட்டது. சாயங்காலம் இவர் ஆம்பூர் போகாமல் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது அப்பாவின் மீசையெல்லாம் புழுதி, கண் சிவந்திருந்தது. யாரைப் பார்த்தார், என்ன பேசினார் என்று ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம், "ஒரு தடவ நீயும் போய்ட்டு வா" என்றார்.

"என்னை வெட்டிப் போட்டாலும் அதுல ஏற மாட்டேன்."

விடிந்ததும் ஏறினாள். கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஊரிலுள்ள சாமி பெயரெல்லாம் சொன்னாள். குளத்தின் அந்தப் பக்கம் போனதும் சாமி பெயர் நின்றுவிட்டது. தண்ணீரைத் தாண்டி அம்மாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"